பயணத்தின் நடுவே சித்தி வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்று வாரங்கள் தனியாக மோட்டார் சைக்கிளில் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறேன். ஏறத்தாழ பாதி வழியில் என் சித்தியின் வீடு இருக்கிறது. அங்கே இரண்டு நாள் தங்கி ஓய்வெடுத்து, அந்த இரண்டு நாளிலேயே அக்கம்பக்கத்தில் பார்க்க வேண்டிய இடங்களையும் பார்த்துவிட எண்ணுகிறேன். போதுமா?

பதில்: போதாது. ஊர் சுற்றுவது ஓய்வு ஆகாது. பத்து நாள் வண்டி ஓட்டிய உடம்போடு படியேறி, வரிசையில் நின்று, வெயிலில் நடந்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் புறப்படுபவர், வந்தபோது இருந்ததைவிடக் களைப்பாகவே கிளம்புவார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழி உங்களுக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது: ஒரு நாள் உடம்புக்கு, ஒரு நாள் பைக்குக்கு, ஒரு நாள் ஊருக்கு.

முதல் நாளை உறக்கத்துக்கே கொடுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 90 டெசிபெல்லைத் தாண்டிவிடும் என்பதால், நாள் முழுவதும் அதைக் கேட்டுவந்த காதில், வண்டியை அணைத்த பிறகும் ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும். சித்தி கேட்பதற்கெல்லாம் நீங்கள் 'உம்' கொட்டுவீர்கள். என்ன கேட்டார் என்பது மறுநாள்தான் உறைக்கும். அதனால் சொந்தபந்தங்களை எல்லாம் அன்றிரவே வரவழைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் நாள் பைக்கின் நாள். வழிநெடுகக் கிடைக்காத மூன்று வசதிகள் உறவினர் வீட்டில் கிடைக்கும்: நிழலான ஒரு மூலை, தண்ணீர்க் குழாய், அவசரமில்லாத நேரம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டியபடி செயினைத் துணியால் துடையுங்கள். என்ஜினை ஓடவிட்டு கியரில் சுழலும் செயினைத் துடைப்பது விரலை இழப்பதற்கான வழி. செயினுக்கு எண்ணெய் விடுவதற்கு மட்டும் இரண்டாம் நாள்வரை காத்திருக்காமல், வந்து இறங்கியதும் செயின் சூடாக இருக்கும்போதே விட்டுவிட்டால் அது இணைப்புகளுக்குள் நன்றாக இறங்கும். டயரின் காற்றழுத்தத்தை நேர்மாறாக, வண்டி ஓடாமல் டயர் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் அளக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை மணிக்கு வந்து சேர்வேன் என்று சித்தி இப்போதே கேட்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். தனிப்பயணத்தில் மிக ஆபத்தான நேரம் எது என்று என்னைக் கேட்டால், நமக்காக யாரோ காத்திருக்கும் வீட்டுக்கு முந்தைய கடைசி நூறு கிலோமீட்டரைத்தான் சொல்வேன். ஒருமுறை என் அண்ணன் வீட்டுக்கு எட்டு மணிக்குள் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, மழையால் தாமதமாகி, இருட்டிய பிறகும் நிறுத்தாமல் ஓட்டினேன். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியான வைசரில் ஒட்டிய பூச்சிகளின்மீது எதிரே வந்த விளக்கொளி பட்டுச் சிதற, பாதை முழுவதும் வெள்ளைப் புகையாகத் தெரிந்தது. சட்டைப்பையில் கைப்பேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் பரவிக் கிடந்த சரளைக்கல்லில் முன்சக்கரம் ஒரு கணம் வழுக்கி மீண்டது. விழவில்லை என்றாலும், அண்ணன் வீட்டு வாசலில் கையுறையைக் கழற்ற முயன்றபோது விரல்கள் என் சொல் கேட்கவில்லை. எட்டு மணி என்று நான் சொல்லாமலிருந்தால், மழை பிடித்த ஊரிலேயே ஓர் அறை எடுத்திருப்பேன்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவோடு இருப்பவரின் அளவுக்கு மங்கிவிடுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு அந்த 17 மணி நேரம் இரவு பத்து மணிக்கு நிறைகிறது. எனவே, "சாயங்காலத்துக்குள் வந்தால் வருகிறேன், இருட்டினால் வழியிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் வருகிறேன், எனக்காகச் சமைத்து வைக்காதீர்கள்" என்று சித்தியிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கேள்வி: இடங்களைப் பார்க்க பைக்கிலேயே போவதா, பேருந்திலா?

பதில்: நெரிசலான இடமென்றால் பேருந்தே நல்லது, ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் சுமந்துகொண்டு எதையும் ரசிக்க முடியாது. பைக்கில் போவதானால், பெட்டிகளை வீட்டில் இறக்கி வைத்ததும் வண்டியின் குணமே மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். சுமைக்காகப் பின்டயரில் கூட்டியிருந்த காற்றையும், இறுக்கியிருந்த பின் சஸ்பென்ஷனையும் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மீண்டும் பெட்டி மாட்டும்போது மறக்காமல் கூட்ட வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் பின்னால் ஏறிக்கொள்ள ஆசைப்படுவார்கள். அவர்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் இல்லாதவரை, தெருமுனைவரைகூட வேண்டாம்.

கேள்வி: இதற்குமேல் தனியாகப் போக வேண்டாம் என்று அவர்கள் தடுத்தால்? அல்லது எனக்கே கிளம்ப மனம் வராமல் போனால்?

பதில்: மனம் வராவிட்டால் தங்குங்கள், அதனால் பயணம் கெட்டுவிடாது. 1982-இல் கிளம்பி 1984 வரை பைக்கில் உலகைச் சுற்றிய எல்ஸ்பெத் பியர்ட், இடையில் சிட்னியில் பல மாதங்கள் தங்கி, கட்டடக்கலை நிறுவனம் ஒன்றில் வேலை செய்து மேற்கொண்டு போகப் பணம் சேர்த்தார். தடுப்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை. எஞ்சிய வழியின் ஊர்ப் பெயர்கள், தங்கும் நாட்கள், பைக்கின் பதிவெண், உங்கள் இரத்த வகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி சித்தியிடம் கொடுத்து, தினமும் வண்டியை நிறுத்திய பிறகு ஒருமுறை பேசுவதாகச் சொல்லுங்கள். அந்தத் தாளில் மணிக்கணக்கை மட்டும் எழுதாதீர்கள்.