பாட வீடியோவின் சத்தமும் என் குரலும் ஒன்றாகப் பதிவாக என்ன செய்ய வேண்டும்?

மதுரை திருநகரில் வீட்டிலிருந்தே டியூஷன் எடுக்கிறீர்கள், வீடியோவை ஓடவிட்டு நடுநடுவே விளக்குகிறீர்கள், பதிவில் உங்கள் குரல் வந்தால் வீடியோ சத்தம் வருவதில்லை, அது வந்தால் குரல் இல்லை. கேள்வி இதுதானே? விண்டோஸ் லேப்டாப்பும் காதில் ப்ளூடூத்தும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ப்ளூடூத்தைக் கழற்றி வையுங்கள். அதன் மைக் வேலை செய்யத் தொடங்கியதுமே மொத்த ஹெட்செட்டும் போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். வீடியோ சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கேட்பது அதனால்தான். வயர் ஹெட்போன் போதும். ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். அந்தச் சத்தம் மைக்கிலும் புகுந்து எல்லாமே இரட்டையாகப் பதிவாகும். பிறகு அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வழியில்லை.

லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டை என்றால் மைக் பின்னைப் பாருங்கள். அதில் மூன்று வளையம் (உலோகத்தைப் பிரிக்கும் கோடுகள்) இருக்க வேண்டும். இரண்டு வளையப் பின்னைச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்றே எடுத்துக்கொள்ளும். மைக்கையும் ஹெட்போனையும் ஒரே ஓட்டையில் மாட்ட ஸ்ப்ளிட்டர் வயர் வேண்டும். டவுன்ஹால் ரோட்டில் அதைக் கேட்டால் இரண்டு ஹெட்போன் மாட்டும் வயரை எடுத்து நீட்டுவார்கள். ஒரு துளையில் மைக் படமும் இன்னொன்றில் ஹெட்போன் படமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

திரையையும் சத்தத்தையும் பதிவு செய்யும் மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டூடியோ, இலவசம். 'ஆடாசிட்டி போதாதா' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஒலிப்பதிவுக்கு நல்ல மென்பொருள்தான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதிவு செய்யும். லேப்டாப்பில் ஓடும் சத்தத்தையே பதிவுக்குக் கொடுக்கும் ஸ்டீரியோ மிக்ஸ் வழியாகச் சேர்க்கலாம் என்பார்கள். பல லேப்டாப்களில் அது கிடையாது. இருந்தாலும், மைக்கை அதில் கலக்கும்போது உங்கள் குரலே சற்றுத் தாமதமாகக் காதில் விழுந்து பேச்சு தடுமாறும்.

ஓபிஎஸ்ஸில் செட்டிங்ஸ், அவுட்புட் போய் அட்வான்ஸ்டு என்று மாற்றுங்கள். ரெக்கார்டிங் பகுதியில் ஆடியோ டிராக் 1, 2, 3 மூன்றையும் டிக் செய்யுங்கள். பிறகு மிக்சரில் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ். டெஸ்க்டாப் ஆடியோவுக்கு, அதாவது வீடியோ சத்தத்துக்கு, 1, 2. மைக்குக்கு 1, 3. முதல் டிராக்கில் இரண்டும் கலந்திருக்கும், அப்படியே மாணவர்களுக்கு அனுப்பலாம். வீடியோ சத்தம் உங்கள் பேச்சை அமுக்கிவிட்டால் 2, 3 தனித்தனியாக இருக்கிறதே, எடிட்டிங்கில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இவ்வளவு மெனக்கெடுவதே இதற்காகத்தான்.

பேசும்போது மைக் அளவு மஞ்சளில் ஆடட்டும், அதாவது மைனஸ் 20-லிருந்து மைனஸ் 9 டெசிபல். வீடியோ சத்தம் மைனஸ் 30 அருகில் இருந்தால் போதும். மைக்குக்கு நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் போட்டால் மின்விசிறி இரைச்சல் பெருமளவு அடங்கும். ஆடி மாதம் தெருமுனையில் ரேடியோ செட் கட்டி விடியற்காலையிலேயே அலறவிடுகிறார்களே, அதற்கு எந்த ஃபில்டரும் கிடையாது. சாமிக்குக் காது கேட்காது என்று யார் சொன்னதோ! அன்றைக்குப் பதிவைத் தள்ளிப்போடுங்கள்.

ஜூம் போன்றவற்றில் பேசத் தொடங்கியதும் வீடியோ சத்தம் திடீரென்று குறைந்தால் விண்டோஸின் வேலை அது. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட், கம்யூனிகேஷன்ஸ் தாவலில் மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறை என்று இருக்கும். 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள்.

குரலும் படமும் போகப் போக விலகினால், விண்டோஸில் மைக், ஸ்பீக்கர் இரண்டின் பண்புகளிலும் ஓபிஎஸ்ஸிலும் சாம்பிள் ரேட் ஒரே அளவு, 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள்.

பதிவு வடிவம் எம்கேவி ஆக இருக்கட்டும். சாதாரண எம்பி4-இல் பதிவாகும்போது கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்தால் முழுக் கோப்பும் திறக்காமல் போய்விடும். எம்கேவி என்றால் அதுவரை பதிவானது தப்பும். பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.