வேட்டை இறைச்சியில் புழு: வாசகர் கேள்விகள்

கேள்வி: காட்டு வாத்தை உரித்தபோது நெஞ்சுச் சதை முழுக்க வெள்ளை வெள்ளையாக அரிசி தூவியதுபோல் இருந்தது. சாப்பிடலாமா?

பதில்: அது புழு இல்லை. சார்கோசிஸ்டிஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி கட்டிய கூடு. கத்தி நுனியால் கீறிப் பாருங்கள், ஒவ்வொன்றும் சதை நாரின் போக்கிலேயே நீளவாக்கில் படுத்திருக்கும். நன்றாக வேகவைத்தால் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பார்த்துவிட்டு மனம் ஒப்பவில்லை என்றால் எறிந்துவிடுங்கள், தப்பில்லை. நாய், பூனைக்குப் பச்சையாக மட்டும் போடாதீர்கள். ஊனுண்ணிகளின் குடல் வழியாகத்தான் இந்த ஒட்டுண்ணி பரவுகிறது.

கேள்வி: காட்டுப்பன்றி இறைச்சி நல்ல சிவப்பாக, சுத்தமாக இருக்கிறது. ஒரு மாதம் ஃப்ரீசரில் வைத்தால் போதும் என்கிறார்களே?

பதில்: பயப்பட வேண்டியது இதற்குத்தான். டிரைக்கினெல்லா புழுவின் இளம்பருவம் சதைக்குள் சுருண்டு கிடக்கும், வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. பண்ணைப் பன்றி இறைச்சியை 15 செ.மீ.க்கும் குறைவான கனத்தில் வெட்டி, மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் 20 நாள் வைத்தால் அது செத்துவிடும். ஃப்ரீசர் யோசனை அங்கிருந்து வந்ததுதான். காட்டு விலங்குகளின் சதையில் குளிரைத் தாங்கும் டிரைக்கினெல்லா இனங்களும் உண்டு. துருவக் கரடி, வால்ரஸ் சதையில் இருப்பது உறைபனியிலும் பிழைத்துக்கிடக்கும். அதனால் காட்டு இறைச்சிக்கு ஃப்ரீசரை நம்பாதீர்கள். உப்புக்கண்டம், புகைபோட்டது, மைக்ரோவேவ், எதுவுமே உறுதியில்லை.

உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். தெர்மாமீட்டர் முனையைத் துண்டின் மிகத் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் நடுவரை செருகுங்கள். பெரிய தொடைத் துண்டில்தான் பலரும் ஏமாறுவது: மேலே கருகியிருக்கும், எலும்பையொட்டிய சதை வெதுவெதுப்பாகவே நின்றுவிடும். நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். கொத்துக்கறி எந்திரத்தையும் கழற்றிக் கழுவுங்கள், இடுக்கில் தங்கும் பச்சைத் துணுக்கு அடுத்த கறியோடு கலந்துவிடும்.

கேள்வி: கரடி இறைச்சி சாப்பிட்டு மூன்று வாரம் கழித்து நண்பருக்குக் கண்ணிமை வீங்கி, உடம்பெல்லாம் வலி. இத்தனை நாள் கழித்தா வரும்?

பதில்: வரும். முதல் ஓரிரு நாளில் வயிற்றுவலி, பேதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குடலில் வளர்ந்த டிரைக்கினெல்லா புழுக்கள் ஈனும் குஞ்சுகள் ரத்தத்தில் ஏறிச் சதையில் புகும்போதுதான் காய்ச்சல், தசைவலி, இமைவீக்கம் எல்லாம். சாப்பிட்ட 2 முதல் 8 வாரத்துக்குள் இது தெரியும். இதயத் தசையைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். என்ன இறைச்சி, எப்போது சாப்பிட்டது, எப்படிச் சமைத்தது என்று மருத்துவரிடம் அவரே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருப்பது நல்ல துப்பு. ஆன்டிபாடி சோதனை தொடக்கத்தில் 'இல்லை' என்று காட்டலாம், அதை வைத்துக் கைவிட்டுவிடக் கூடாது. ஆல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் நன்றாகத் தாக்கும். அதனால் மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது. அதே கறியைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.