பத்தாயிரம் ரூபாய் ப்ரொஜெக்டருக்கும் ஒன்றரை லட்ச ரூபாய் ப்ரொஜெக்டருக்கும் நிஜமாகவே என்ன வித்தியாசம்?

ஹாலில் 100 அங்குலத்தில் படம் பார்க்க வேண்டும், பத்தாயிரம் போதுமா, லட்சம் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பம். எங்கள் வீட்டில் இருப்பது மலிவு ரகம். பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் மச்சான் வைத்திருப்பது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய 4கே டிஎல்பி, அதாவது நுண்ணிய கண்ணாடிகள் பதித்த சிப்பை வைத்துப் படம் காட்டும் ரகம். எங்களுடையதை அங்கே எடுத்துப் போய், ஒரே சுவரில் ஒரே படத்தை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தோம்.

பெரிய படம் வேண்டும் என்பதற்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. 100 அங்குலம் எல்லா விலையிலும் வரும். கூடுதல் பணம் கறுப்பு நிறத்துக்குத்தான் போகிறது. பாட்டு, காமெடி, பகல் காட்சி வந்தவரை எங்களுடையதை யாரும் குறை சொல்லவில்லை. ராத்திரி மழையில் ஒரு சண்டை வந்ததும் சாயம் வெளுத்தது. வானம், மதில், வில்லன் சட்டை, அவன் தலைமுடி எல்லாம் ஒரே சாம்பல். யார் யாரை அடிக்கிறார் என்று சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. மச்சானுடையதில் நனைந்த சட்டையின் மடிப்பு வரை தெரிந்தது. அதிலும் முழுக் கறுப்பு கிடையாது, அடர்ந்த சாம்பல்தான். அசல் கறுப்புக்கு ஜேவிசி, சோனி பக்கம் போக வேண்டும். அது பல லட்சம், நமக்கு வேண்டாம்.

அடுத்து லூமென்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவு. மலிவு ரகப் பெட்டிகளில் 9000, 12000 என்று போட்டிருப்பார்கள். நம்பாதீர்கள். முறைப்படி அளந்த ‘ஆன்சி லூமென்ஸ்’ எவ்வளவு என்று கேளுங்கள், பெரும்பாலும் 200, 300 என்று வந்து நிற்கும். அதற்காக உதவாது என்றும் அர்த்தமில்லை. 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 30 சதுர அடி. தியேட்டர் திரைக்கு வைத்திருக்கும் கணக்கு, சாதாரண வெள்ளைத் திரையில் சதுர அடிக்கு 16 லூமென்ஸ். பெருக்கினால் 480. அதாவது கும்மிருட்டில் 500 உண்மையான லூமென்ஸே தியேட்டர் வெளிச்சம் தந்துவிடும். உங்களுடையது 250தான் என்றால் 70 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதே வெளிச்சம் கிடைக்கும். ஹாலில் ட்யூப்லைட் எரியும், குழந்தைகள் குறுக்கே ஓடும் என்றால் கணக்கே வேறு, 2500க்கு மேல் வேண்டும். 

அந்த வெளிச்சம் எழுபது, எண்பதாயிரம் விலையில் வரும் லேம்ப் ப்ரொஜெக்டர்களில் கிடைக்கிறது. எப்சன் 3எல்சிடி ஒரு பக்கம், பென்க்யூ, ஆப்டோமா டிஎல்பி இன்னொரு பக்கம். எப்சனில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் பேனல். டிஎல்பியில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக மாறி மாறி விழும், கண் அதை ஒன்றாக்கிக்கொள்ளும். எல்லார் கண்ணும் ஒன்றாக்குவதில்லை. இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டில் வரும்போது தலையைத் திருப்பினால் என் அக்காவுக்கு எழுத்தைச் சுற்றி வானவில் மாதிரி தெறிக்கிறது. மச்சானுக்கும் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதனால் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பார்த்த பிறகே டிஎல்பி வாங்குங்கள்.

4கே, அதாவது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படம், அதைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். இந்த விலையில் வரும் பல டிஎல்பிகளின் சிப்பில் இருப்பது 1920×1080 கண்ணாடிகள்தான். படத்தை நான்கு இடத்துக்கு நகர்த்தி நகர்த்தி 4கே ஆக்குகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அதற்காக மட்டும் லட்சம் கொடுக்கத் தோன்றாது. மலிவு ரகத்தில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். ‘ஃபுல் எச்டி சப்போர்ட்’ என்றால் ஃபுல் எச்டி படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும், அவ்வளவுதான். ‘நேட்டிவ் 1080பி’ என்று இருக்க வேண்டும், அதாவது ப்ரொஜெக்டரின் சொந்தப் புள்ளிகளே 1920×1080.

நம் ஊருக்கு இன்னொன்று முக்கியம்: உள்ளே இருக்கும் ஒளிப்பெட்டி சீல் செய்ததா என்று பாருங்கள். மலிவானவை பலதில் ஃபேன் இழுக்கும் தூசி நேராக லென்ஸுக்குப் பின்னால் போய் உட்காரும். எங்களுடையதில் திரையின் இடது மேல் மூலையில் ஒரு சாம்பல் பொட்டு இருக்கிறது. கதாநாயகி வெள்ளைப் புடவை கட்டினால் போதும், புடவையில் கறை. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று வேறு, சீலிங் ஸ்டாண்டின் திருகுகூடத் துருப்பிடிக்கும்.

லேம்ப் ப்ரொஜெக்டர் வாங்கினால் யுபிஎஸ் சேர்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் படக்கென்று கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும், விளக்குச் சூட்டிலேயே வேகும். ஒரு விளக்கு சுமார் 4000, 5000 மணி நேரம் வரும். விளக்குக்குப் பதில் லேசர் என்றால் 20,000 சொல்கிறார்கள், விலையும் அப்படி.

உங்கள் ஹாலை இருட்டாக்க முடியுமென்றால் இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குள் நேட்டிவ் 1080பி, சீல் செய்தது ஒன்று எடுங்கள். முடியாதென்றால் நேராக எழுபதாயிரத்துக்குப் போங்கள். நடுவில் நாற்பதாயிரத்துக்கு வரும் கையடக்க ஸ்மார்ட் ரகங்களில் பேட்டரிக்கும் ஆட்டோ ஃபோகஸுக்கும்தான் காசு போகிறது, வெளிச்சம் பெரிதாகக் கூடுவதில்லை. கடையில் டெமோ கேட்டால் கிளி, மீன், பூ என்று பளபளக்கும் வீடியோதான் போடுவார்கள். லைட்டை அணைத்துவிட்டு ஒரு ராத்திரிக் காட்சி போடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.