எங்கள் ஊருக்குக் காலை டவுன் பஸ் சரியாக வருவதில்லை. யாரிடம் புகார் செய்வது?

அரசுப் பேருந்து என்றால் முதலில் பணிமனைக் கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். "பஸ் சரியாக வருவதில்லை" என்று மட்டும் எழுதினால், "முறையாக இயக்கப்படுகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டு வாரம் நோட்டுப் போட்டுக் குறியுங்கள்: தடம் எண், நிறுத்தம், வரவேண்டிய நேரம், வந்த நேரம், வராத தேதிகள். எத்தனை மாணவர்கள் காத்திருந்தார்கள் என்பதையும் சேருங்கள். அதற்குத்தான் எடை அதிகம்.

அசையவில்லையா? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சர் உதவி மையத்தின் தொலைபேசி எண்ணான 1100-லும் பதியலாம். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன், அந்தத் தடத்தில் ரத்தான நடைகளைத் தேதிவாரியாகக் கேளுங்கள்; 30 நாளில் பதில் தரவேண்டும். தனியார் பஸ் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான். பர்மிட்டில் உள்ள நேரத்தைக் காட்டிக் கேளுங்கள்.