திருமுழுக்குக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார்: அவருக்கு மீட்பு உண்டா?

கேள்வி: என் அப்பா 63 வயதில் கிறிஸ்துவை ஏற்று, கத்தோலிக்கத் திருமுழுக்குக்கான (ஞானஸ்நானத்துக்கான) வகுப்புகளுக்கு எட்டு மாதம் சென்றார். குறித்த நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மாரடைப்பில் இறந்தார். சான்றிதழ் இல்லை என்று பங்கு அலுவலகம் அடக்கத் திருப்பலியை மறுத்துவிட்டது. வீட்டுக்கு வந்த ஒரு போதகர், 'தண்ணீரில் இறங்காதவருக்குப் பரலோகம் இல்லை; அவருக்குப் பதிலாக நீங்கள் ஞானஸ்நானம் எடுத்துக் காணிக்கை செலுத்துங்கள்' என்கிறார். அப்பாவுடன் அதே வகுப்புகளில் படித்துவந்த அம்மா தூக்கமின்றித் தவிக்கிறார்.

பதில்: முதலில் அம்மாவுக்கு. உங்கள் அப்பா சேரவிருந்த திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. திருமுழுக்குக்கு ஆயத்தமாகி, அதைப் பெறும் முன் இறப்பவரின் வெளிப்படையான விருப்பமும் மனந்திரும்புதலும் அன்பும் அவருக்கு மீட்பை உறுதி செய்கின்றன என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1259ஆம் பத்தி சொல்கிறது. உங்கள் அப்பாவைப் பற்றியே எழுதியது போன்ற பத்தி அது.

இது புதிய சலுகையும் அல்ல. 392இல் பேரரசர் இரண்டாம் வாலண்டீனியன் திருமுழுக்கு கேட்டு மிலான் ஆயர் அம்புரோசுக்கு ஆள் அனுப்பினார். ஆயர் வந்து சேர்வதற்குள் அந்த இளைஞர் இறந்துவிட்டார். அவருடைய சகோதரிகள் இன்று உங்கள் அம்மா அழுவதைப் போலவே அழுதார்கள். இறுதி உரையில் அம்புரோசு அவர்களிடம் சொன்னதன் சாரம்: அவர் விரும்பினார், கேட்டார், கேட்டதால் பெற்றுக்கொண்டார். கண்டிப்புக்குப் பெயர்போன அந்த ஆயரே இவ்வளவு தெளிவாகச் சொன்னதை இன்று வீடு வீடாகப் போய் மறுப்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சபைகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. நீராலும் ஆவியாலும் பிறக்க வேண்டும் என்னும் யோவான் 3:5ஐக் காட்டிக் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் திருமுழுக்கை அவசியம் என்கிறார்கள். லூத்தரன் சபையின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையும் அப்படியே சொல்கிறது. விசுவாசமே இரட்சிக்கிறது, ஞானஸ்நானம் அதற்குக் கீழ்ப்படியும் அடையாளம் என்பது பாப்டிஸ்டுகளின் நிலை. ஞானஸ்நானம் பெறாமலே இயேசுவிடம் பரதீசு வாக்குப் பெற்ற, சிலுவையில் மனந்திரும்பிய கள்வனை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன.

மிரட்டுகிறவர்கள் கையில் எடுப்பது மாற்கு 16:16. விசுவாசித்து ஞானஸ்நானம் பெறுகிறவன் இரட்சிக்கப்படுவான் என்ற முதல் பாதியை உரக்க வாசிப்பார்கள். தண்டனை யாருக்கு என்று சொல்லும் இரண்டாம் பாதியில் இருப்பது விசுவாசியாதவன் மட்டுமே. ஞானஸ்நானம் பெறாதவன் என்ற சொல்லே அங்கு இல்லை. 'இறந்தவருக்குப் பதிலாக' என்பதற்கு, இறந்தோருக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைக் குறிப்பிடும் 1 கொரிந்தியர் 15:29ஐக் காட்டுவார்கள். பவுல் அங்கே உயிர்த்தெழுதலுக்காக வாதாடுகிறார். அப்படிச் செய்யுங்கள் என்று யாருக்கும் கட்டளையிடவில்லை. ஒரு காசும் கொடுக்காதீர்கள். துக்க வீட்டில் பணம் கேட்டவரை மறுபடி உள்ளே விடாதீர்கள்.

பங்கு அலுவலகம் செய்ததும் தவறுதான். திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்களை அடக்கச் சடங்குகளில் விசுவாசிகளாகவே கருத வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1183 தெளிவாகச் சொல்கிறது. மேசையில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டினாரே தவிர சட்டத்தைப் புரட்டவில்லை. பங்குத்தந்தையை நேரில் பார்த்து இந்த எண்ணைச் சொல்லி, அப்பாவுக்காகத் திருப்பலி கேளுங்கள். மறுத்தால் ஆயருக்கு எழுதுங்கள்.

அம்மாவின் திருமுழுக்கு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகாதபடி அப்போதே பேசிவிடுங்கள். திருத்தூதர் பணிகள் 8இல் எத்தியோப்பிய அதிகாரி தண்ணீரைக் கண்ட இடத்திலேயே திருமுழுக்குப் பெற்றார். வகுப்பு தேவைதான், ஆனால் அது வருடக்கணக்கில் இழுப்பதற்கு நியாயம் இல்லை. அதற்குள் அவருக்கு உயிராபத்து நேர்ந்து குருவும் கிடைக்காவிட்டால், அவர் சம்மதத்துடன் தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் நீங்களே திருமுழுக்குக் கொடுக்கலாம். சட்டம் 861 அதை அனுமதிக்கிறது.