பாட்டியின் குரல் அவ்வளவுதானா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஓபரா பாடகி அடெலினா பாட்டியின் பழைய ரெக்கார்டைக் கேட்டீர்கள், கீச்சென்று மெலிந்து கேட்கிறது, இவரையா அப்படிக் கொண்டாடினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். அது 1905-இல் வேல்ஸில் அவருடைய மாளிகையிலேயே எடுத்த பதிவு, அப்போது அவருக்கு வயது 62 (பெயருக்கேற்ற வயதுதான்!). மைக் கிடையாது. ஒரு பெரிய குழலுக்கு முன்னால் நின்று பாட வேண்டும், குரலின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகில் கீறும், அதில் குரலுக்கு மினுமினுப்புத் தருகிற மேல் அதிர்வுகள் பெரும்பாலும் தொலைந்துபோகும். சோப்ரானோக்களுக்குத்தான், அதாவது உச்சக் குரல் பாடகிகளுக்குத்தான், இதில் பெரிய நஷ்டம், கரூசோ மாதிரி டெனர்கள் (ஆண்களில் மேல் குரல்காரர்கள்) தப்பித்துவிட்டார்கள். மின்சார ஒலிப்பதிவு 1925-இல்தான் வந்தது.

அப்புறம் வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பொதுவாகச் சொன்னாலும் அந்தக் காலத்து இசைத்தட்டுகள் பல அந்த வேகத்தில் பதிவானவை அல்ல, 6 சதவீதம் கூடுதலாக ஓடினாலே சுருதி அரைச் சுரம் ஏறிவிடும். வேகம் திருத்திய பதிப்பாகத் தேடுங்கள்.

அதில் மோட்சார்ட்டின் 'வோய் கே சபேதே' என்ற ஓபரா பாட்டைப் போட்டு, குரலின் கனத்தை மறந்துவிட்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் வழுக்கிப் போகிற விதத்தை மட்டும் கவனியுங்கள். இன்றைக்கு அப்படிப் பாடினால் பல ஆசிரியர்கள் திட்டுவார்கள், எனக்கென்னவோ அதுதான் பிடித்திருக்கிறது.