ஏரோது சாவதற்கு முன்

கேள்வி: “இயேசு கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையில் பிறந்தார் என்று சென்ற இதழில் எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துவுக்கு முன்னால் கிறிஸ்து எப்படிப் பிறப்பார்? இது அச்சுப்பிழையா, அல்லது வேதத்தைப் பொய்யாக்கும் முயற்சியா?”
- பாளையங்கோட்டை வாசகர் ஒருவர்

பதில்: இரண்டும் இல்லை. வேதத்தை நம்பித்தான் அப்படி எழுதினோம். கி.பி. என்ற கணக்கு வேதத்தில் எங்குமே கிடையாது. அதை உண்டாக்கியவர் ரோமில் வாழ்ந்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி. 525-ஆம் ஆண்டில் அவர் ஈஸ்டர் நாள் அட்டவணை போட உட்கார்ந்தபோது, அதுவரை வழக்கில் இருந்தது தியோக்ளேசியன் பேரரசன் பதவியேற்றதிலிருந்து எண்ணும் கணக்கு. கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தவன் பெயரால் ஈஸ்டரைக் குறிக்க மனமில்லாமல், ஆண்டவரின் பிறப்பிலிருந்து எண்ணத் தொடங்கினார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் பிறந்த ஆண்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவர் விளக்கி வைக்கவில்லை.

இப்போது மத்தேயுவைத் திறந்து பாருங்கள். ஏரோது ராஜாவின் நாட்களில் பெத்லகேமில் இயேசு பிறந்தார் என்கிறது. லூக்காவும் தன் கதையை “யூதேயா தேசத்தின் ராஜாவாகிய ஏரோதின் நாட்களில்” என்றுதான் தொடங்குகிறார். அப்படியானால் ஏரோது எப்போது செத்தான் என்பதுதான் கேள்வி.

யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் இதை விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார். எருசலேம் ஆலய வாசலுக்கு மேல் ஏரோது மாட்டியிருந்த பொற்கழுகை இளைஞர்கள் சிலர் வெட்டிச் சாய்த்தார்கள். அவர்களைத் தூண்டிய மத்தியாஸ் என்ற ஆசிரியரை அவன் உயிரோடு எரித்தான். அன்றிரவே சந்திர கிரகணம். பின் நோய் முற்றி, எரிகோவில், பஸ்கா பண்டிகைக்கு முன் மாண்டான். வானியல் கணக்கின்படி கி.மு. 4, மார்ச் 13 அதிகாலையில் அங்கே ஒரு கிரகணம் தெரிந்திருக்கிறது. அது இல்லை, கி.மு. 1-இல் வந்த கிரகணம்தான் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஏரோது செத்ததும் பதவிக்கு வந்த அவன் மகன் பிலிப்பு 37 ஆண்டுகள் ஆண்டு, ரோமப் பேரரசன் திபேரியுவின் 20-ஆம் ஆட்சியாண்டில் இறந்தான் என்கிறார் அதே ஜோசீபஸ். அது கி.பி. 34 வாக்கில். பின்னோக்கி எண்ணினால் கி.மு. 4-இல் வந்து நிற்கும். அப்போதே பதவிக்கு வந்த இன்னொரு மகன் அர்கெலாயு தன் ஆட்சியின் பத்தாவது ஆண்டில், கி.பி. 6-இல், பதவி பறிக்கப்பட்டான். அதுவும் அங்கேதான் கொண்டுவிடுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கொல்ல ஏரோது ஆணையிட்டான் என்று மத்தேயு சொல்வதையும் சேர்த்தால், கி.மு. 6 வரை பின்னே போக இடமுண்டு.

உண்மையான சிக்கல் நீங்கள் கேட்காத இடத்தில் இருக்கிறது. சிரேனியு சீரியாவில் தேசாதிபதியாக இருந்தபோது எடுத்த குடிமதிப்பின் சமயத்தில் இயேசு பிறந்தார் என்கிறார் லூக்கா. அந்தக் குடிமதிப்பு நடந்தது கி.பி. 6-இல், அர்கெலாயுவை நீக்கி யூதேயாவை ரோம் நேரடியாக எடுத்துக்கொண்டபோது. வரி போட ஆள் கணக்கும் சொத்துக் கணக்கும் வேண்டும், அதற்காக எடுத்தது. அதை எதிர்த்துக் கிளம்பிய கலிலேயனாகிய யூதாசை அப்போஸ்தலர் நடபடிகளும் குறிப்பிடுகிறது. ஏரோது செத்து அப்போது ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சிரேனியு அதற்கு முன்பே ஒருமுறை சீரியாவை ஆண்டிருப்பான் என்று இந்த இடைவெளியை அடைக்கப் பார்ப்பவர்கள் நிறைய. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இரண்டு செய்திகளும் பொருந்தவில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. நான் ஏரோது பக்கம் நிற்கிறேன், ஏனென்றால் இரண்டு நற்செய்திகளும் அதில் ஒன்றுபடுகின்றன.

அதே லூக்கா இன்னொரு கணக்கும் தருகிறார். திபேரியுராயனின் பதினைந்தாம் வருஷத்தில் யோவான் ஸ்நானகன் வெளிப்பட்டார்; இயேசு ஊழியம் தொடங்கியபோது “ஏறக்குறைய முப்பது வயதுள்ளவர்”. அந்தப் பதினைந்தாம் வருஷம் கி.பி. 28 அல்லது 29. முப்பதை அப்படியே கழித்தால் டயோனிசியஸ் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் வரும். ஆனால் லூக்கா “ஏறக்குறைய” என்றார். முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ ஆகியிருந்தாலும் அந்தச் சொல் பொய்யாகாது.

டிசம்பர் 25 பற்றி மாதா மாதம் கடிதம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நற்செய்திகளில் மாதமும் இல்லை, தேதியும் இல்லை. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட், சிலர் மே மாதத்திலும் சிலர் ஏப்ரலிலும் வரும் நாட்களைச் சொல்வதாக எழுதினார். டிசம்பர் 25 ரோமில் 354-ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் பதிவாகியிருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-இல்தான் கொண்டாடுகிறது.

அன்புள்ள வாசகரே, பிழை துறவியின் அட்டவணையில், மத்தேயுவிடம் இல்லை. அடுத்த முறையும் கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையில் என்றுதான் அச்சிடுவோம்.